மச்சாளின் கையைப் பதிய எங்கே போவது?

எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவில் விடிந்ததும் பூ வரும். பூவுக்குப் பின்னால் சாமிப்படம் வரும். அதற்குப் பின்னால் யாராவது காணாமல் போன தன் மாட்டின் படத்தைப் போடுவார்கள். மூன்றுக்கும் ஊர் ஒரே பதிலைத்தான் சொல்லும்: பெருவிரலை நிமிர்த்திக் காட்டும் ஒரு மஞ்சள் கை. மாட்டைத் தொலைத்தவனுக்கும் அதே பெருவிரல்தான். தொலைந்தது நல்லது என்கிறார்களா, தேடிப் பார்க்கிறோம் என்கிறார்களா என்று இன்றுவரை எனக்கு விளங்கியதில்லை.

ஒரு நாள் பூவுக்கும் மாட்டுக்கும் நடுவில் ஓர் ஆவணம் வந்து கிடந்தது. ‘வாவி மீன்பிடி ஒழுங்குவிதிகள், வரைபு, பொதுமக்களின் கருத்துக்காக’ என்று தலைப்பு. போட்டவர் எங்கள் மீனவர் சங்கத் தலைவர். அதற்குக் கீழேயும் வரிசையாகப் பெருவிரல்கள். நானும் ஒரு பெருவிரலைக் காட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அப்போது சலூனில் இருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் தலைக்குக் கறுப்பு மை பூசிக்கொண்டு, அது காயும்வரை கதிரையை விடமாட்டேன் என்று இருந்தார். வேறு வேலை இல்லாமல் ஆவணத்தைத் திறந்தேன். என் வாழ்நாளில் நான் முழுதாக வாசித்த முதல் சட்டம் அது. அந்த மனிதரின் நரைக்கு நன்றி.

பாதித் தூரம்வரை கொட்டாவிதான் வந்தது. பிறகு ஓரிடத்தில் கொட்டாவி பாதியில் நின்றது. ‘பதிவு செய்யப்பட்ட கலமோ பதிவு செய்யப்பட்ட உபகரணமோ இன்றி எந்த ஆளும் வாவியில் மீன்பிடியில் ஈடுபடுதலாகாது.’ ஈடுபட்டால் என்ன ஆகும் என்பது அதற்கடுத்த வரியில் இருந்தது. அந்த வரியில் ‘குற்றவாளி’ என்றொரு சொல் இருந்தது.

எனக்கு உடனே மச்சாளின் முகம்தான் வந்தது.

மச்சாள் என்றால் என் மனைவியின் அக்கா. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். அப்படித்தான் புளியந்தீவில் பிறந்த நான் கலியாணத்தோடு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு வந்து சேர்ந்தேன். பக்கத்து வளவு மச்சாளுடையது. மச்சாள் வாவியில் இறால் பிடிப்பவர். தோணி இல்லை, வலை இல்லை, தூண்டில்கூட இல்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் நெஞ்சுவரை தண்ணீருக்குள் இறங்கி, சேற்றை இரண்டு உள்ளங்கைகளாலும் தடவிக்கொண்டே போவார். இடுப்பில் கட்டிய கயிற்றின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் வாளி நாய்க்குட்டி மாதிரிப் பின்னால் மிதந்து வரும். கைக்குள் இறால் துள்ளும். அது வாளிக்குள் போகும். ஊரில் இன்னும் சில பெண்கள் இப்படி இறங்குவார்கள். சுற்றிவரத் தண்ணீர் உள்ள தீவில் பிறந்த எனக்கோ, முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் நெஞ்சு அடிக்கத் தொடங்கும். கலியாணமான புதிதில் மச்சாள் என்னை ஒரு தரம் தண்ணீருக்குள் இறக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னைத் ‘தீவார்’ என்று கூப்பிட்டு ஊரைச் சிரிக்க வைத்ததுதான் மிச்சம்.

சலூன் கதிரையில் இருந்தபடியே என் மூளை வேலையைத் தொடங்கிவிட்டது. பயம் என்று வந்துவிட்டால் என் மூளைக்கு ஈடான படப்பிடிப்பு நிலையம் வேறில்லை. நீதிமன்றம் தெரிந்தது. கூண்டுக்குள் மச்சாள், தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. சான்றுப் பொருளாக மேசையில் அந்த வாளி. பார்வையாளர் வாங்கில் என் மனைவி, என்னைத் திரும்பிப் பார்த்து, “உங்கட கடையில இவ்வளவு கொம்பியூட்டர் வைச்சும் என்ன பிரயோசனம்?” என்று கேட்கிறாள். மயிர் வெட்டாமலே எழும்பி வந்துவிட்டேன்.

கொம்பியூட்டர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். என்னுடையது கொமினிகேஷன் கடை. போட்டோகொப்பி, போன் ரீலோட், பரீட்சை விண்ணப்பம், திருமண அழைப்பிதழ். கொம்பியூட்டர் ஒன்று, அதுவும் மழைக்காலத்தில் இருமும்.

கடையைத் திறந்து முதல் வேலையாகக் குழுவில் எழுதினேன்: ‘இந்த வரைபை எல்லாரும் வாசியுங்கள். இப்படியே சட்டமானால் கையால் இறால் பிடிக்கிற நம் பெண்கள் குற்றவாளிகள் ஆவார்கள்.’ கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் பொலபொலவென்று வந்து விழுந்தன. ‘அண்ணன் இண்டைக்கு வேளைக்கே தொடங்கிட்டார்’ என்று ஒருவன். ‘அப்ப கொக்குக்கும் லைசன் எடுக்கணுமா?’ என்று இன்னொருவன். குழுவில் பகிடிக்கு என்னைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பகிடிக்காரனின் வீடு பற்றி எரிந்தால் நெருப்புக்கும் கைதட்டுவார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது.

சங்கத் தலைவருக்குப் போன் எடுத்தேன். நல்ல மனிதர். கரையில் சங்கக் கூட்டம் நடக்கும்போது அவர் ஒரு விசயத்தைச் சொல்வார், எல்லோரும் கை தூக்குவார்கள், அது முடிவு. எங்கள் ஊரில் எத்தனையோ வருடமாக அப்படித்தான்.

“அதெல்லாம் போயிட்டு தம்பி,” என்றார்.

“எங்க அண்ண போன?”

“கொழும்புக்கு. கருத்துக் கேட்டாங்க, நான் குறூப்பில போட்டன், சனம் கை தூக்கிட்டு. நீ பாக்கல்லயா எவ்வளவு கை?”

“அண்ண, அந்தக் கையெல்லாம் நம்மட போனுக்குள்ளதான் கிடக்கும். கொழும்புல ஒருத்தருக்கும் தெரியாது.”

மறுமுனையில் அவர் கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு உண்மையான மனவருத்தத்தோடு கேட்டார்: “அப்ப என்னத்துக்கு மனே அதுல கை வைச்சிருக்கான்?”

கரையில் கை தூக்கிப் பழகிய ஊர் போனிலும் கை தூக்கியது. அதில் ஊரின் பிழை என்ன? அதோடு சங்கத்தில் இருப்பவர்களிடம் தோணி உண்டு, வலை உண்டு. வரைபு அவர்களை ஒன்றும் செய்யாது. கையை மட்டும் வைத்திருப்பவர்கள் சங்கத்தில் இல்லை. சந்தா கேட்டு அவர்களிடம் யாரும் போனதுமில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மச்சாளே கடைக்கு வந்தார். ஈரச் சேலையை மாற்றியிருந்தார். ஆனால் விரல் நுனிகள் வெள்ளை வெளேரென்று ஊறிச் சுருங்கிக் கிடந்தன. ரீலோட் போடச் சொன்னார். போட்டுவிட்டு, பயப்படுத்தாமல் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று எண்ணி, “மச்சாள், உங்களைப் பிடிக்கப் போறாங்க” என்றேன். என் பக்குவம் அவ்வளவுதான்.

“ஆரு மச்சான் பிடிக்கிற? இந்த வயசிலயா?”

வரைபைக் காட்டினேன். அந்த வரியை வாசித்தேன். சிரிக்காமல் கேட்ட ஒரே ஆள் அவர்தான். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தன் இரண்டு கைகளையும் கண்ணாடி மேசையின் மேல் மல்லாக்க வைத்து, யாருடையதோ கைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இறாலின் கொம்பு குத்தியது, மட்டி ஓடு கீறியது, ஆறியது, ஆறாதது எல்லாம் அதில் இருந்தன.

“தோணியப் பதியலாம். வலையப் பதியலாம். என்ட கைய எங்க மச்சான் பதியிற?”

“அதுதான் மச்சாள் கேக்கணும்.”

“அப்ப கேளுங்க. இதை எழுதினவங்களுக்கு இப்பிடி ஆக்கள் இருக்கிறது தெரியாதாக்கும். தெரிஞ்சா எழுதுவாங்களா?”

மச்சாளுக்கு மனிதர்மேல் இருக்கும் நம்பிக்கை எப்போதும் என்னைப் பயமுறுத்தும். ஏனென்றால் அந்த மனிதர்களுக்குள் நானும் ஒருவன்.

கருத்துச் சொல்வதற்கு ஓர் இணையத்தளம் இருந்தது. பகல் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்திவிட்டு அதைத் திறந்தேன். சோற்றுப் பெட்டியோடு வந்த மனைவி பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். பெயர், முகவரி, எந்த விதி, என்ன கருத்து என்று கட்டங்கள். கருத்துக் கட்டத்தில் கோபமாக எழுதினேன். மனைவி வாசித்துவிட்டு, “இது கலியாண வீட்டுச் சண்டை மாதிரிக் கிடக்கு. ஒழுங்கா எழுதுங்க” என்றாள். ஒழுங்காக எழுதினேன்: கலமும் வலையும் இல்லாமல் கையால் பிடிப்பவர்கள் இந்த வாவியில் இருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. ‘இணையவழிக் கூட்டத்தில் வாய்மொழியாகவும் கருத்துத் தெரிவிக்க விரும்புகிறீர்களா?’

“ஓம் எண்டு போடுங்க,” என்றாள் மனைவி. “வீட்டுல மூடாத வாய்தானே.”

மனைவி பார்த்துக்கொண்டு நிற்கும்போது எந்த ஆண்பிள்ளை ‘இல்லை’ என்று அழுத்துவான்? ஓம் என்று அழுத்தினேன். யார் இதையெல்லாம் வாசிக்கப் போகிறார்கள் என்ற பெரிய ஆறுதல் இருந்தது.

வாசித்தார்கள். சில நாட்களில் பதில் வந்தது. என் பெயர் போட்டு, ‘தங்களது கருத்தை மூன்று நிமிடங்களுக்குள் முன்வைக்க அழைக்கப்படுகிறீர்கள்’ என்று, கூட்டத்துக்குள் நுழையும் இணைப்போடு.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பகிடி விடுவது வேறு, கொழும்போடு கதைப்பது வேறு. பகிடிக்குப் பதில் சிரிப்பு. கொழும்பு பதிலுக்குக் கேள்வி கேட்டால்? ஆங்கிலத்தில் கேட்டால்? சிங்களத்தில் கேட்டால்? தமிழில் கேட்டால் இன்னும் மோசம், விளங்காத மாதிரி நடிக்கவும் முடியாது. கண்ணாடிக்கு முன்னால் நின்று ‘கௌரவத்துக்குரிய’ என்று தொடங்கிப் பார்த்தேன். யாருடைய கௌரவம் என்று தெரியாமல் அங்கேயே நின்றது. காய்ச்சல் வருகிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வரவில்லை. வேண்டிய நேரத்தில் காய்ச்சல் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. கரண்ட் போகட்டும் என்று நேர்ந்துகொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். அதற்கு எந்தக் கோயில் என்று தெரியவில்லை.

கடைசியில் மச்சாளிடமே போய்ச் சரணடைந்தேன். அவர் வளவில் கொச்சிக்காய் காயவைத்துக்கொண்டிருந்தார்.

“மச்சாள், நீங்களே கதைங்க. உங்கட கை, உங்கட இறால். நான் ஆர், தீவார்.”

“போங்க மச்சான். பெரிய ஆக்களோட எனக்கென்ன கதை. நீங்கதானே வாய்காரன்.”

“என்ட வாய் உள்ளூர் வாய் மச்சாள். வெளியூருக்கு ஓடாது.”

அவர் சிரித்துச் சிரித்துக் கொச்சிக்காயைத் தட்டிவிட்டார். பிறகு சிதறிய மிளகாயை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொறுக்கி முடித்துவிட்டுச் சொன்னார்: “சரி, கதைக்கிறன். ஆனா உங்கட கடைக்கு வந்து கதிரையில குந்தி என்னால ஏலா. அந்த நேரம் நான் தண்ணியால ஏறுற நேரம். கரையில வைச்சுக் கேட்டாங்க எண்டாச் சொல்லுவன். நீங்க பக்கத்தில நிக்கணும்.”

நிற்பதற்கென்ன, கரையில்தானே. நெஞ்சிலிருந்த பாரத்தில் பாதி இறங்கியது.

கூட்டத்தன்று காலையில் நான் வெள்ளைச் சேட்டு, கழுத்துப்பட்டி எல்லாம் போட்டேன். கீழே சாரம்தான். படத்தில் இடுப்புக்கு மேலேதானே தெரியும் என்று ஒரு கணக்கு. மனைவி மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மேல கச்சேரி ஒபிசர், கீழ குசினி” என்று சொல்லிச் சிரித்தாள்.

கரையில் ஏறாவூர் நானா முன்னமே வந்து காத்திருந்தார். மச்சாளிடமும் மற்றப் பெண்களிடமும் இறால் வாங்கிக்கொண்டு போகும் முஸ்லிம் வியாபாரி அவர். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெரிய ரெஜிபோம் ஐஸ் பெட்டி கட்டியிருப்பார். என் போனின் பற்றரி அரை மணித்தியாலம்கூடத் தாங்காது என்பதால் அவருடைய புதுப் போனைக் கேட்டிருந்தேன்.

“போன் தாறன் மச்சான், தண்ணிக்குள்ள மட்டும் போட்ராதீங்க,” என்றார். “உங்கட கையப் பார்த்தா இப்பவே ஆடுது.”

“இது குளிர் நானா.”

“இந்த வெயிலுக்கா?”

ஐஸ் பெட்டியை மணலில் இறக்கி, அதன் மூடியில் போனைச் சாய்த்து வைத்தோம். வாவிக்கு அந்தப் பக்கம் கல்லடிப் பக்கத்துத் தொலைபேசிக் கோபுரம் நேரே தெரிவதால் கரையில் சிக்னல் முழுதாக இருந்தது. மச்சாளும் மற்றப் பெண்களும் தண்ணீரிலிருந்து ஏறி, வாளிகளோடு எனக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். சேலை முந்தானையைப் பிழிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் மனிதர்கள். ஒருவருக்குப் பின்னால் புத்தக அலுமாரி, ஒருவருக்குப் பின்னால் குளிரூட்டி, ஒருவருக்குப் பின்னால் பொய்யான கடற்கரை. எங்களுக்குப் பின்னால் உண்மையான வாவி. கூட்டத்தை நடத்தியவர் ஒரு பெண் அதிகாரி. அவர் சிங்களத்தில் பேச, ஒரு தமிழ்க் குரல் வரிக்கு வரி மொழிபெயர்த்தது. படகுச் சங்கங்கள் பேசின. இறால் பண்ணை பேசியது. சுற்றுலா விடுதி பேசியது. எல்லோருமே மூன்று நிமிடத்தைத் தாண்டினார்கள். நான் ‘கை உயர்த்து’ என்ற பொத்தானை அழுத்தியிருந்தேன். திரையின் மூலையில் மறுபடியும் ஒரு மஞ்சள் கை. சங்கத் தலைவர் கேட்ட கேள்வி எனக்கு நினைவு வந்தது. கை தூக்கியபடியே இருந்தது, கூப்பிடுவார் இல்லை.

வெயில் ஏறியது. போன் சுட்டது. நானா தன் தொப்பியைக் கழற்றி அதற்கு நிழல் பிடித்தார்.

“என்ன மச்சான், கூப்பிடுறாங்கல்லயா?” என்று மச்சாள் கேட்டார். பின்னால் நின்ற ஒருத்தி, “அக்கா கதைக்கத் தொடங்கினதும் சொல்லுங்க அண்ண, நாங்க குரவை போடணும்” என்றாள். எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் எது தொடங்கினாலும் பெண்கள் குரவையிடுவார்கள். தாலி கட்டும்போது, கோயில் கதவு திறக்கும்போது, புதுத் தோணி தண்ணீரில் இறங்கும்போது. மச்சாள் முதன்முதலாகக் கொழும்போடு கதைக்கப்போவதும் நல்ல காரியம் என்று அவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். நான்தான் கவனிக்கவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் தமிழ்க் குரல் அப்போது, “நேரம் முடிவடைவதால் இத்துடன் கருத்துக்களை நிறைவு செய்வோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கையில் பட்டதையெல்லாம் அழுத்தினேன். ஒரு பொத்தானில் கமரா திரும்பிக்கொண்டது. ஐஸ் பெட்டி விழப்போனது, போனைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போனேன், பின்னால் தண்ணீர். வெள்ளைச் சேட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட ஒருவனின் தூக்கிக் கட்டிய சாரமும், அதற்குக் கீழே இரண்டு முழங்கால்களும் கொழும்புக்குத் தெரிந்திருக்கும். இன்னொரு பொத்தானில் ஒலிவாங்கி திறந்துகொண்டது. சிவப்பாக இருந்தது பச்சையானதைக் கண்டதும் என்னையறியாமல் கத்தினேன்: “திறந்திட்டு! திறந்திட்டு!”

பெண்களுக்கு வேறென்ன வேண்டும்? குரவை எழும்பியது.

வாவிக்கரையில் அத்தனை பெண்கள் ஒன்றாகக் குரவையிட்டால் அக்கரை நாரையும் எழும்பும். அந்தக் கூட்டத்தில் யார் சத்தம் போடுகிறார்களோ அவர்களின் கட்டம்தான் பெரிதாகும் என்பது எனக்கு முன்பு தெரியாது. புத்தக அலுமாரியும் பொய்க் கடற்கரையும் மூலைக்குப் போயின. திரை முழுக்க நாங்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். இனி என்னைப் பிடிக்க ஜீப் வரும் என்று நான் நினைத்தேன்.

அந்தப் பெண் அதிகாரி ஏதோ கேட்டார். தமிழ்க் குரல் அதை வரிக்கு வரி மொழிபெயர்க்கவில்லை. அதுவரை இருந்த அலுவலகத் தமிழ் எல்லாம் எங்கோ போய், “சொல்லுங்க அக்கா, கேக்குறாங்க” என்றது.

நான் போனை மச்சாளை நோக்கிப் பிடித்தேன். நானா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், தன் போனின் மேலுள்ள அக்கறையில்.

மச்சாள் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். “எனக்குத் தோணி இல்ல. வலை இல்ல,” என்றார். “இந்த ரெண்டு கையாலதான் இறால் தடவுற. என்ட உம்மாவும்…” என்று தொடங்கி நானாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “பாருங்க, நானாவோட கதைச்சுக் கதைச்சு. என்ட அம்மாவும் இப்பிடித்தான் பிடிச்ச. உங்கட தாளில பதியாத ஆள் இறங்கப்படாது எண்டு கிடக்காம். பதியச் சொன்னாப் பதியிறம். மறுப்பில்ல. கைய எங்க கொண்டு வந்து பதியிற எண்டு மட்டும் சொல்லுங்க.”

இரண்டு கைகளையும் விரித்துக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். ஊறிச் சுருங்கிய விரல்கள் திரையை நிறைத்தன.

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி. தமிழ்க் குரல் சொன்னது: “உங்களைப் போல எத்தனை பேர் இருக்கிறாங்க எண்டு கேக்குறாங்க அக்கா.”

மச்சாள் திரும்பிப் பெண்களைப் பார்த்தார். அங்கே தொடங்கியது. ஒருத்தி ஒரு கணக்குச் சொன்னாள். இன்னொருத்தி, “எங்கட அம்மாவை விட்டுட்டாய்” என்றாள். “உங்கட அம்மா இப்ப இறங்குறல்லயே கா.” “காலுக்கு நோ எண்டுதானே இறங்குறல்ல. தொழிலை விட்டுட்டா எண்டு ஆர் சொன்ன?” “அப்ப மேலவளவு ஆச்சியையும் சேரு!” அவர்கள் எண்ணி முடிப்பதற்குள் போன் சூடேறித் தானாக அணைந்துவிட்டது.

நான் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நிற்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மச்சாள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

“தீவார் இறங்கிட்டாரு,” என்றார். மறுபடியும் ஒரு குரவை. இது எனக்கு.

அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. மழை வந்து போனது. வாவி நிறைந்து வடிந்தது. மச்சாள் வழக்கம்போல இறங்கினார். ஒவ்வொரு நாள் விடியவும் வெள்ளை வாகனம் ஏதும் கரைப்பக்கம் போகிறதா என்று நான் கடைக் கதவிடுக்கால் பார்ப்பேன். ஒரு நாள் ஒன்று போனது. செருப்பில்லாமல் ஓடினேன். அது பாண் விற்கும் வான். மச்சாள் அதைக் கேள்விப்பட்டு, எனக்கென்று பெரிய இறாலாகத் தெரிந்தெடுத்து ஒரு சட்டி கறி அனுப்பினார். இணையத்தளத்தையும் திறந்து பார்த்தபடியே இருந்தேன். மனைவிக்குத் தெரியாமல்தான். ஆனால் அவளுக்குத் தெரியும், “இண்டைக்கும் ஒண்டும் இல்லையா?” என்று தேத்தண்ணி வைக்கும்போது கேட்பாள்.

பிறகு ஒரு நாள் காலையில், குழுவில் பூ வருவதற்கும் முன்னால், திருத்திய வரைபு தளத்தில் வந்திருந்தது. அந்த விதியைத் தேடிப் பிடித்தேன். கலமும் உபகரணமும் அப்படியே இருந்தன. அதற்குக் கீழே புதிதாக ஓர் உபவிதி: ‘கலமோ வலையோ இன்றிக் கையினால் மீன் அல்லது இறால் பிடிக்கும் ஆளொருவரும் இவ்விதிகளின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற உரித்துடையவராவார்.’

பக்கத்து வளவுக்கு ஓடிப்போய் வாசித்துக் காட்டினேன். மச்சாள் இரண்டு தரம் கேட்டார்.

“அப்ப என்ட பேர் அதில இல்லையா?”

“சட்டத்தில பேர் போடமாட்டாங்க மச்சாள்.”

“கையினால் எண்டு போட்டிருக்கு?”

“ஓம். கையினால்.”

“அப்ப அது நான்தான்,” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அது சட்டமாகி, அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கும் காலமும் வந்தது. விண்ணப்பம் இணையத்தில். ஆகவே என் கடையில். எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு வந்தால் ஒரு கட்டம்: ‘உபகரணத்தின் தெளிவான படத்தை இணைக்கவும்.’ உபவிதியை எழுதியவருக்கும் விண்ணப்பத்தை அமைத்தவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது. படம் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவும் விடவில்லை. எனக்கு வியர்த்தது. தள்ளுபடி, மேன்முறையீடு, மறுபடியும் கழுத்துப்பட்டி என்று படப்பிடிப்பு ஆரம்பமானது.

மச்சாள் கேட்டார்: “உங்கட மெசின் தாள மட்டுமா பிடிக்கும், கையும் பிடிக்குமா?”

போட்டோகொப்பி இயந்திரத்தின் மூடியைத் திறந்தேன். “துடைச்சிட்டு வைங்க மச்சாள், தண்ணி போனா மெசின் செத்திரும்” என்று கெஞ்சினேன். அவர் சேலையில் துடைத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்தார். பச்சை வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது. “கூசுது,” என்றார். தாள் வெளியே வந்தது. ரேகையும் கீறலும் ஒன்றுவிடாமல் விழுந்திருந்தன. அதையே படம் பிடித்துக் கட்டத்தில் போட்டேன். விண்ணப்பம் ஏற்றுக்கொண்டு அடுத்த பக்கம் போனது.

“இன்னொண்டு எடுங்க,” என்றார். “வீட்ட வைக்க.”

பின்னேரம் மற்றப் பெண்களும் வந்தார்கள். ஒவ்வொருவராகக் கையை வைத்தார்கள். ஒருவர் கையைப் பார்த்து மற்றவர் பகிடி பண்ணினார்கள். கடைசியாக அந்த அம்மா வந்தார், கரையில் எண்ணிக்கைச் சண்டைக்குக் காரணமான அதே அம்மா. மகளின் தோளைப் பிடித்து, நோவுக் காலை இழுத்து இழுத்து வந்து, கேட்காமலே மூடியைத் திறந்தார்.

என் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. இறங்காத ஆளுக்கு அனுமதிப்பத்திரம் எடுப்பது குற்றமா? அதற்கு எந்த விதி? எந்த உபவிதி?

“அம்மா, நீங்க இப்ப இறங்குறல்லயே,” என்றேன் மெதுவாக.

“இறங்கல்லத்தான்.” கைகளைக் கண்ணாடியில் பரப்பி வைத்து, என்னைப் பார்க்காமலே சொன்னார்: “நாளைக்கு இறங்கினாலும் இறங்குவன். நீ அமத்து மனே.”

அமத்தினேன்.